தியாகராஜ பாகவதரும் அப்பீல் காலச் சிறைவாசமும்

திருச்சிராப்பள்ளி ஸ்ரீ எம். கே. தியாகராஜ பாகவதர் அவர்களின் பாட்டைக் குறித்தும், அவர் அடைந்த புகழைக் குறித்தும் நம் அங்கத்தினர்களுக்கு நாம் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவரைப் போலத் தலைமுடியைப் பின்புறம் வளர்த்து, அதற்குப் பாகவதர் கிராப்பு என்று பெயரும் சூட்டி மகிழ்ந்த இளைஞர் ஒரு தலைமுறையில் ஊர்தோறும் இருந்தனர். ஆயின் அவரது சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் விரைந்து கடந்து போகும் பகுதி ஒன்றுண்டு. கொலைச் சதியிற் பங்குகொண்டார் என்று 1945-ம் வருஷம் மே மாதம் 3-ந் தேதி தண்டனை அடைந்து, 1947-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 25-ந் தேதி குற்றமற்றவர் என்று விடுதலை பெறும் வரை, தம் அப்பீலின் முடிவை எதிர்நோக்கி அவர் சிறையிலிருந்த 720 நாட்களுக்கு மேற்பட்ட காலமே அப்பகுதி. அதனை முன்னிட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பாகவதர் 1910-ம் வருஷம் மார்ச்சு மாதம் முதல் தேதி மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்திற் பிறந்தவர். தந்தையார் கிருஷ்ணமூர்த்தி ஆசாரியார். குடும்பம் திருச்சிராப்பள்ளிக்குக் குடியேறிய பின்னர், பள்ளிப் படிப்பில் மனம் செல்லாமல் பாட்டிலேயே மனம் சென்ற இச்சிறுவர், ஒருநாள் வீட்டைவிட்டு ஓடிப்போய்க் கடப்பையில் ஜனங்கள் நடுவே பாடிக்கொண்டிருக்கையில் தந்தையார் தேடிக் கண்டுபிடித்து அழைத்துவந்தார் என்பர். அடிக்காமல் அழைத்துவந்த அத்தந்தையாரை நாம் மனமாரப் போற்றுகிறோம். அப்பால் திருச்சியில் ரயில்வே உத்தியோகஸ்தராயும் ரஸிக ரஞ்சன சபையை நிறுவியவராயும் விளங்கிய எப். ஜி. நடேசய்யர் இவரை ஹரிச்சந்திர நாடகத்தில் லோகிதாஸனாக மேடையேற்றினார். மதுரைப் பொன்னு ஐயங்காரிடம் முறையாகச் சங்கீதம் பயின்றார். பாகவதர் என்னும் பட்டத்தை வழங்கியவர் மிருதங்க மேதை புதுக்கோட்டைத் தக்ஷிணாமூர்த்திப் பிள்ளை.

நாடகத்தினின்றும் பேசும் படத்திற்கு வந்த கதை யாவரும் அறிந்ததே. 1934-ல் கே. சுப்பிரமணியம் அவர்களின் பவளக்கொடியில் தொடங்கி, சிந்தாமணி, அம்பிகாபதி, திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி என்று 1944-ன் ஹரிதாஸ் வரை பத்து வருஷங்களில் ஒன்பதே படங்கள். இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் இவ்வளவு பெரும் கீர்த்தியைப் பெற்றவர் வேறெவரும் உளரோ என்பது ஐயமே. சிந்தாமணியில் வந்த லாபத்தைக் கொண்டு மதுரையில் அப்பெயரால் ஒரு கொட்டகையே எழுந்தது.

இனி வழக்கிற்கு வருவோம். சென்னையில் சி. என். லக்ஷ்மிகாந்தன் என்பவர் சினிமாத் தூது என்றொரு பத்திரிகையை நடத்திவந்தார். நடிக நடிகையரின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றிய அவதூறுகளே அதன் சரக்கு. மனம் நொந்த பாகவதரும், நகைச்சுவை நடிகர் ஸ்ரீ என். எஸ். கிருஷ்ணனும், கோயமுத்தூர் டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னர் ஸர் ஆர்தர் ஹோப்பிடம் விண்ணப்பித்துக்கொண்டதன் மேல் அப்பத்திரிகையின் லைசென்ஸு ரத்தாயிற்று. லக்ஷ்மிகாந்தன் பின்னர் இந்து நேசன் என்னும் பத்திரிகையைக் கைக்கொண்டு முன்போலவே எழுதலானார். 1944-ம் வருஷம் நவம்பர் மாதம் 8-ந் தேதி வேப்பேரியில் ரிக்ஷாவிற் செல்லும்போது அவர் கத்தியாற் குத்தப்பட்டார். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார்.

அவர் எழுதியவை எத்தன்மையவாயினும், ஒரு மனிதரைத் தெருவிற் குத்திக் கொல்வது கொலையே. பாகவதரிடம் கொண்ட பக்தியால் இறந்தவரை ஏளனம் செய்து எழுதுவோரும் உளர். அவ்வழியில் நாம் செல்லோம். அவரைக் கொன்றவர் யார் என்பதற்கு முடிவான விடையை எந்த நீதிஸ்தலமும் இறுதிவரை அளிக்கவில்லை. அக்குறை இறந்தவருக்கு இழைக்கப்பட்டதேயன்றி வேறில்லை.

போலீஸார் கிருஷ்ணனையும் பாகவதரையும் ஸ்ரீராமுலு நாயுடுவையும், வேறு சிலரையும் கைது செய்தனர். பத்திரிகையை நிறுத்த விண்ணப்பித்தவர்களே ஆளை நிறுத்தவும் ஏற்பாடு செய்தனர் என்பது சர்க்கார் தரப்பின் வாதம். சென்னை ஹைகோர்ட்டின் செஷன்ஸில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஒன்பது ஜூரர்களோடு விசாரணை நடந்தது. நாயுடு விடுதலையானார். பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று ஜூரர்களில் அறுவர் கூறினர், மூவர் மறுத்தனர். பெரும்பான்மையை ஏற்று நீதிபதி தீவாந்திர சிக்ஷை விதித்தார். ஒன்பது பேரில் மூவர் ஐயுற்ற ஒரு விஷயத்தில் ஒரு மனிதரின் ஆயுட்காலம் முழுவதும் அடங்கிவிட்டது என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் சட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். கோர்ட்டு வாசலையே மிதித்தறியாத குடும்பத்திற்கும் என்றேனும் ஒருநாள் இவ்விவரம் வேண்டியதாகலாம்.

கொலைக் குற்றம் சாட்டப்பட்டவன் விசாரணைக்கு முன் ஜாமீன் பெறுவதே எளிதன்று. ஆயினும் அப்போது அவன் பக்கத்தில் ஒரு பலம் இருக்கிறது. குற்றம் ருசுவாகும் வரை அவன் நிரபராதியாகவே கருதப்படுவான். தண்டனை விதித்த அக்கணமே அந்தப் பலம் போய்விடுகிறது. அப்பீல் செய்கிறவன் சட்டத்தின் கண்ணில் குற்றவாளியே. தான் குற்றவாளியல்லன் என்று மேல் கோர்ட்டுக்குக் காட்டும் பாரம் அவன் தலைமேல் ஏறுகிறது. அவனை வெளியே விட்டால் ஓடிவிடுவானோ, சாக்ஷிகளைப் பயமுறுத்துவானோ, இறந்தவர் வீட்டாரின் எதிரே நடமாடி அவர்கள் நெஞ்சைப் புண்படுத்துவானோ என்றெல்லாம் நீதிபதிகள் யோசிப்பது நியாயமே. கொலையுண்டவனுக்கும் மனைவி மக்கள் உண்டு.

இத்தனைக்கும் பிறகும், 1898-ம் வருஷத்துக் கிரிமினல் புரொஸீஜர் கோடு தன் 426-வது பிரிவில் ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தது. அப்பீல் நிலுவையிலிருக்கும்போது, அதனை விசாரிக்கும் கோர்ட்டு காரணங்களை எழுத்து மூலம் குறித்துத் தண்டனையை நிறுத்திவைக்கலாம். சிறையிலிருப்பவனை ஜாமீனிலோ சொந்த முச்சலிக்கையின் பேரிலோ விடலாம். தீர்ப்பு ரத்தாகிவிடாது, நிறைவேற்றுவது மட்டுமே நிற்கும். ஜாமீன் கிடைத்தவுடன் வழக்கே ஜயித்துவிட்டதாக எண்ணிச் சர்க்கரைப் பொங்கல் வைக்கும் உறவினர்கள் இவ்வேற்றுமையை அறிதல் நலம்.

அதே பிரிவில் மற்றொரு விதியும் இருந்தது. அப்பீல் தோற்றுவிட்டால், ஜாமீனில் வெளியே இருந்த நாட்கள் தண்டனைக் காலத்திற் சேரமாட்டா. அவ்வளவு நாட்களையும் அவன் திரும்பிச் சென்று உள்ளே கழிக்க வேண்டும். இது நியாயமான கணக்குத்தான். குற்றவாளி வெளியே கழித்த நாளை ஒன்றும் விடாமல் எண்ணி வசூலிக்கும் சட்டம் இது. ஆயின் அப்பீல் ஜயித்துவிட்டால், நிரபராதி உள்ளே கழித்த நாட்களை எப்படித் திருப்பித் தருவது? அதற்குக் கணக்கும் இல்லை, விதியும் இல்லை. பாகவதரின் வாழ்க்கையை நாம் படிக்கும்போதெல்லாம் இவ்வொரு கேள்வியே நம் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது.

பாகவதருக்கு அப்பீல் செய்யும் வழி இருந்ததே ஒரு வகையில் தற்செயல் எனலாம். ஹைகோர்ட்டு தானே ஜூரர்களோடு விசாரித்துத் தண்டித்த வழக்குகளில் அந்த ஹைகோர்ட்டுக்கே அப்பீல் செய்துகொள்ளும் பொது உரிமை முன்னர் கிடையாது. 1943-ல்தான் 411-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. சட்ட விஷயங்களில் உரிமையாகவும், சாக்ஷியத்தைப் பற்றிய விஷயங்களில் அனுமதி பெற்றும் அப்பீல் செய்யலாம் என்றாயிற்று. இரண்டு வருஷங்களுக்கு முன் அதே தீர்ப்பு வந்திருந்தால் அவர் கதி என்னவாகியிருக்குமோ!

ஹைகோர்ட்டு முதலில் அப்பீலைத் தள்ளிவிட்டது. மீதமிருந்தது லண்டனிலுள்ள பிரிவி கௌன்ஸில். கடல் கடந்து காகிதங்கள் செல்லவேண்டும், அச்சாகவேண்டும், அங்கே விசேஷ அனுமதி கிடைக்கவேண்டும், முறை வரவேண்டும். அத்தனை காலமும் அப்பீல்தாரர் எங்கே இருப்பது என்பதுதான் கேள்வி. இவ்விஷயத்தில் 1945-ம் வருஷத்தில் வேறு சிலருடைய வழக்கில் பிரிவி கௌன்ஸிலே ஒரு தீர்ப்பு அளித்தது. தம்மிடம் அப்பீல் செய்ய அனுமதி பெற்றவரை ஜாமீனில் விட இந்தியாவின் ஹைகோர்ட்டுகளுக்கு அதிகாரமில்லை என்றும், ஜாமீன் பற்றிய அதிகாரங்களெல்லாம் கோடில் சொல்லியவற்றோடு முடிந்துவிட்டன என்றும் அதில் தீர்மானித்தனர். வெளியே கழிக்கும் நாட்களைத் தண்டனையினின்றும் கழிக்க அந்நிலையில் விதியில்லாமையும் அவர்கள் எடுத்துக்காட்டிய காரணங்களில் ஒன்று. சட்டசபை பின்னர் 426-வது பிரிவைத் திருத்தி அக்குறையை நீக்கியது. அத்தீர்ப்பு வெளியான வருஷமே பாகவதர் தண்டிக்கப்பட்ட வருஷமும் ஆகும். ஆக, ஹைகோர்ட்டில் அப்பீல் நடந்த காலத்திலும் அவர் சிறையில். லண்டனில் நடந்த காலத்திலும் சிறையில். அங்கிருந்து மீண்டும் சென்னைக்கு வந்த காலத்திலும் சிறையிலேதான்.

அந்நாட்களில் சென்னைப் பிராட்வே கொட்டகையில் நடந்ததை இங்கே சொல்லாமல் விடுதல் கூடாது. 1944-ம் வருஷம் தீபாவளிக்கு ஹரிதாஸ் அங்கே வெளியாயிற்று. அடுத்த தீபாவளி வந்தது, படம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த தீபாவளியும் வந்தது, அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் என்று இன்றும் அதனைச் சொல்வர். அக்கொட்டகைக்கும் ஹைகோர்ட்டுக் கட்டடத்திற்கும் இடையே நடந்தே சென்றுவிடலாம். ஓரிடத்தில் மாலைதோறும் அவர் குதிரைமேல் அமர்ந்து பாடிக்கொண்டு வருவார். ஜனங்கள் காசு கொடுத்துக் கேட்டு உள்ளம் உருகுவர். மற்றோரிடத்தில் அவருடைய பெயர் எழுதிய கட்டுக் கட்டான காகிதங்கள் முறை வரக் காத்துக்கிடந்தன. பாடியவரோ இரண்டிடத்திலும் இல்லை. தண்டிக்கப்பட்டவரின் பாட்டைக் கேட்பது தகாது என்று ஒருவரும் எழுந்து போகவில்லை. ஜூரர்களில் பெரும்பான்மையோர் ஒரு முடிவுக்கு வந்திருக்க, தமிழ் ஜனங்கள் வேறொரு முடிவுக்கு வந்திருந்தனர் போலும். ஜனங்களின் பிரியம் சாக்ஷியமாகாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் எழுதாதிருக்க மனம் வரவில்லை.

அவருக்கென்று ஏற்பாடாகியிருந்த படங்கள் பிறர் கைக்குப் போயின. ஸ்ரீ முருகனில் ஹொன்னப்ப பாகவதர் நடித்தார், உதயணனாக ஜி. என். பாலசுப்பிரமணியம் நடித்தார். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. முதலீடு செய்தவர்கள் லண்டனிலிருந்து தபால் வரும் வரை காமிராவை மூடி வைத்துக் காத்திருப்பார்களா? என். எஸ். கிருஷ்ணன் வீட்டில் நிலைமை சற்று வேறு. அவருடைய மனைவி டி. ஏ. மதுரம் அம்மையாரும், எஸ். வி. சகஸ்ரநாமமும் நாடகக் குழுவைச் சிதறவிடாமல் காத்து, பைத்தியக்காரன் என்னும் படத்தையும் தொடங்கினர். வழக்குச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. கிருஷ்ணன் விடுதலையாகி வந்ததும் அப்படத்திலேயே அவருக்கும் ஒரு வேஷம் அமைந்தது. சிறைக்குள் இருப்பவனுக்கு வெளியில் ஒரு கூட்டம் அவன் பெயரால் இயங்கிக்கொண்டிருந்தால் திரும்பி வந்து நிற்க ஓரிடம் இருக்கும். பாகவதரின் தொழிலோ அவர் ஒருவரின் தொண்டையையே நம்பியிருந்தது. அது பூட்டப்பட்டபோது யாவும் பூட்டப்பட்டன.

லண்டனில் டி. என். பிரிட் என்னும் பிரபல பாரிஸ்டர் வாதாடினார். பிரிவி கௌன்ஸில் ஹைகோர்ட்டின் தீர்ப்பை ரத்துசெய்து, அப்பீலை மறுபடியும் விசாரிக்குமாறு சென்னைக்கே திருப்பியனுப்பியது. நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுத்தீன் ஆகிய இருவர் முன் அது மீண்டும் நடந்தது. பாரிஸ்டர் வி. எல். எத்திராஜ் வாதித்தார். அரசாங்கத் தரப்புச் சாக்ஷியத்தை நம்பித் தண்டிப்பதற்கில்லை என்று கண்டு, 1947-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 25-ந் தேதி நீதிபதிகள் இருவரையும் விடுதலை செய்தனர்.

ஆக, முதலில் ஜூரர்கள், அடுத்து ஹைகோர்ட்டு, பின் பிரிவி கௌன்ஸில், மறுபடியும் ஹைகோர்ட்டு என்று நான்கு படிகள். கடைசிப் படியில் கிடைத்ததுதான் சரியான தீர்ப்பு என்றால், முதற்படிக்கும் கடைசிப் படிக்கும் இடையிலுள்ள நாட்கள் எந்தக் குற்றத்திற்கான தண்டனை? சிலர் சொல்வர்: கோர்ட்டுகள் மனிதர்களால் நடத்தப்படுகின்றன, தவறு நேர்ந்து திருத்தப்பட்டுவிட்டது, அதுவே நீதியின் பெருமை என்று. திருத்தப்பட்டது மெய்யே. ஆயினும் தீர்ப்பைத் திருத்துவது வேறு, நாட்களைத் திருத்துவது வேறு. ஐயத்திற்கு இடமுள்ள தீர்ப்பின்மேல் செய்யப்படும் அப்பீல் வருஷக்கணக்கில் நீளும் என்று தெரியுமாயின், தக்க ஜாமீன்தார்களைப் பெற்று, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்திடச் செய்து அப்பீல்தாரரை வெளியில் வைப்பதால் நீதிக்கு என்ன நஷ்டம் வந்துவிடும்? ஊரெங்கும் முகம் தெரிந்த ஒருவர் ஓடி ஒளிவதுதான் எங்ஙனம்? முகம் தெரியாத ஏழைக்கும் இதே நியாயம் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுகிறோம். பாகவதருக்குப் பாரிஸ்டர் கிடைத்தார். லண்டன் வரை செல்லப் பணம் இருந்தது. அவையில்லாதவன் அப்பீல் மனுவிற் கையெழுத்திட்டுவிட்டு உள்ளேயே வருஷங்களைக் கழிக்கிறான்.

நீதிமன்றங்களும் இதனை எண்ணாமலில்லை. சுதந்திரத்திற்குப் பின் வந்த 1973-ம் வருஷத்துக் கோடில் 426-வது பிரிவு 389-வது பிரிவாயிற்று. 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு, கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களுக்கு அப்பீல் காலத்தில் ஜாமீன் தருவதில்லை என்னும் பழைய வழக்கத்தை ஆராய்ந்தது. அப்பீல்கள் சில மாதங்களில் முடிந்த காலத்தில் ஏற்பட்ட வழக்கம் அது என்றும், விசாரணைக்கு எடுத்துக்கொள்ளவே வருஷங்கள் செல்லும் நிலையில், முடிவில் அவன் குற்றமற்றவன் என்று கண்டால் அந்த வருஷங்களுக்கு யார் ஈடுசெய்வது என்றும் நினைத்து, அவ்வழக்கில் ஜாமீன் வழங்கியது. பாகவதர் மறைந்து பதினெட்டு வருஷங்களான பின்னர் வந்த தீர்ப்பு அது. 2024-ம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் இவ்விதி 430-வது பிரிவாக நிற்கிறது. கொலை போன்ற பெருங்குற்றங்களில் ஜாமீனில் விடுமுன், அரசாங்க வக்கீல் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்ல இடம் தரவேண்டும். ஜாமீனில் கழித்த நாட்கள் தண்டனையிற் சேரா என்னும் பழைய விதியும் மாறாமல் இருக்கிறது. தண்டனை அடைந்தவர்களின் வீட்டார் அறியவேண்டியது இதுதான்: தீர்ப்பில் மேலெழுந்தவாரியாகவே புலப்படும் குறை உண்டா, விசாரணைக் காலத்தில் ஜாமீனிலிருந்தவன் ஒழுங்காக நடந்துகொண்டானா, அப்பீல் எவ்வளவு காலத்தில் எடுக்கப்படும் என்பவற்றையே நீதிபதிகள் முக்கியமாக நோக்குவர். அழுகையாலும் சிபாரிசாலும் ஆவதொன்றில்லை.

விடுதலையான பாகவதர் சொந்தமாக ராஜமுக்தி என்னும் படத்தைப் பூனாவில் எடுத்தார். அது 1948-ல் வந்தது; ஓடவில்லை. குரல் கெட்டுவிட்டது என்று சிலர் கூறினர். அதை நாம் ஒப்புக்கொள்ளோம். காலம் மாறியிருந்தது. அவர் உள்ளே இருந்தபோது ஜனங்களின் ருசி வேறு திசையில் திரும்பி, நீண்ட வசனங்களுக்கும் சமூகக் கதைகளுக்கும் கைதட்டத் தொடங்கியிருந்தது. வெளியே இருந்திருந்தால் அம்மாறுதலோடு தாமும் சேர்ந்து மெல்ல மாறியிருப்பாரோ, அல்லது மாறாமலேயே நின்றிருப்பாரோ, யார் அறிவார்? அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே அவருக்கு வாய்க்கவில்லை. கிருஷ்ணன் மாறிய காலத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். 1949-ல் நல்லதம்பியும் 1951-ல் மணமகளும் அவரை மீண்டும் உச்சிக்குக் கொணர்ந்தன. அவரும் 1957-ல் காலமானார்.

பாகவதருக்கு 1952-ல் அமரகவியும் சியாமளாவும், 1957-ல் புதுவாழ்வும் வந்தன. சிறைக்கு முன் ஒன்பது, பின் ஐந்து என்று பதினான்கு படங்களே அவருடைய கணக்கு. நீரிழிவு நோய் உடலை அரித்துக் கண்பார்வையையும் குறைத்தது. அந்நிலையிலும் கச்சேரி மேடை ஏறினார், பாடினார். 1959-ம் வருஷம் நவம்பர் மாதம் முதல் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தபோது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. லக்ஷ்மிகாந்தன் உயிர் நீத்ததும் அதே ஆஸ்பத்திரியில்தான். பாகவதர் நடித்த கடைசிப் படமான சிவகாமி மறு வருஷம் வெளியாயிற்று.